பெட்டி நம்முடையது, பூட்டு யாருடையது?

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜப்பானின் ஸோனி கம்பெனி, வீட்டில் பதிவு செய்துகொள்ளக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டிவோ கம்பெனி, டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் தன் பெட்டிகளின் விற்பனையை முடித்துக்கொண்டது. பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் ஒரு மூலையில் வந்து மறைந்த செய்திகள் இவை. "பழைய சாமான், காலம் தாண்டிவிட்டது, போகட்டும்" என்று சொல்லுகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. போனது ஒரு சாமான் மட்டுமல்ல. அதோடு கூட ஒரு உரிமையும் வாசற்படி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. தன் வீட்டில், தன் காசில் வாங்கிய சாதனத்தில், தனக்கு வேண்டியதை, தனக்கு ஒழிந்த நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு சாதாரண மனிதனுக்கு உள்ள உரிமை அது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கோர்ட்டு வாசலில் கிடந்து, ஒரே ஒரு நீதிபதியின் ஓட்டால் பிழைத்த உரிமை.

உழைக்கும் மக்களின் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சோற்றுக்கும் கூலிக்கும் போராடுகிறவனுக்கு விடியோப் பெட்டி ஒரு பிரச்னையா? ஆம், பிரச்னைதான். நாள் முழுதும் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு மிச்சமிருப்பது இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்துக்கு எஜமான் யார் என்பது கூலிப் பிரச்னையின் மறுபாதியே ஆகும்.

முதலில் செய்தவன் யார்?

விஷயத்தை ஆதியிலிருந்து பார்ப்போம். பாட்டைக் காந்த நாடாவில் பதிவது எளிது. படத்தைப் பதிவது எளிதல்ல. படத்துக்குள் அடங்கியிருக்கும் மின் அதிர்வுகள் பல மடங்கு அதிகம். அவற்றைப் பிடிக்க நாடா அதிவேகமாக ஓடவேண்டும். 1950-களில் பிரிட்டனின் பி.பி.சி. செய்து பார்த்த ஒரு யந்திரத்தில் நாடா நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறந்தது. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி இன்ஜினீயர்கள் வேறு வழி கண்டார்கள். நாடாவை மெதுவாக ஓடவிட்டு, பதிகிற தலைகளைச் சுழலவிட்டார்கள். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில், இளைஞர் ரே டால்பி உள்ளிட்ட ஒரு சிறு குழு செய்த வேலை அது. 1956-ல் அந்த யந்திரம் வெளிவந்தது. அலமாரி அளவு இருந்த அதன் விலை சுமார் 50,000 டாலர்.

அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி சி.பி.எஸ். கம்பெனி அதை முதன்முதலாக ஒளிபரப்பில் பயன்படுத்தியது. நியூயார்க்கில் மாலையில் வாசித்த செய்தியை ஹாலிவுட்டில் பதிவு செய்துவைத்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரை மக்களுக்கு ஒளிபரப்பினார்கள். மேற்குக் கரையில் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் ஓடுகிறது அல்லவா? அதற்காகச் செய்த ஏற்பாடு.

வாசகர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து, சௌகரியமான வேறு நேரத்தில் போடுவது என்ற காரியத்தை முதலில் செய்தவன் முதலாளிதான். அன்று அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. விஞ்ஞானத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே காரியத்தை ஒரு இரவு ஷிப்டு தொழிலாளி தன் வீட்டில் செய்தபோதுதான் அது திருட்டாகிவிட்டது!

வீட்டுக்குள் வந்த யந்திரம்

1975-ல் ஸோனி கம்பெனி பீட்டாமாக்ஸ் என்ற வீட்டு யந்திரத்தை வெளியிட்டது. அரை அங்குல அகல நாடா. சுழலும் உருளையில் சாய்வாகச் சுற்றி வரும். ஒரு காஸெட்டில் ஒரு மணி நேரம் பதியும். டெலிவிஷனோடு சேர்த்து அமெரிக்காவில் முதலில் விற்ற பெட்டியின் விலை 2,495 டாலர். மறு ஆண்டு ஜே.வி.ஸி. கம்பெனி வி.எச்.எஸ். என்ற போட்டி யந்திரத்தைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு மணி நேரம் பதியும். ஒரு முழு சினிமா அடங்கும். போட்டியில் விலை இறங்கியது. 1980-களின் இறுதிக்குள் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்த யந்திரம் குடியேறிவிட்டது.

இதனால் மக்களுக்குக் கிடைத்தது என்ன? அதுவரை அமெரிக்காவில் மூன்று பெரிய ஒளிபரப்புக் கம்பெனிகள் வைத்ததே நேரம். இரவு எட்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சி என்றால் எட்டு மணிக்கு நாற்காலியில் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸும், பஸ் டிரைவரும், ஆலைத் தொழிலாளியும் எட்டு மணிக்கு எங்கே இருப்பார்கள்? அவர்களுக்கு அந்த நிகழ்ச்சி இல்லை. யந்திரம் வந்தபின் அவர்கள் விசையை முடுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்; திரும்பி வந்து பார்த்தார்கள். வாழ்க்கையின் கடிகாரத்தை அந்த ஒரு விஷயத்திலாவது தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இதைத்தான் ஹாலிவுட் முதலாளிகளால் பொறுக்க முடியவில்லை.

ஏழு ஆண்டு வழக்கு

1976-ம் ஆண்டு நவம்பர் மாதம் யூனிவர்ஸல் கம்பெனியும் வால்ட் டிஸ்னி கம்பெனியும் லாஸ் ஏஞ்சலீஸில் வழக்குத் தொடுத்தன. யந்திரம் செய்த ஸோனி, அதை விற்ற கடைகள், விளம்பரம் எழுதிய ஏஜென்ஸி ஆகிய எல்லோரும் பிரதிவாதிகள். வீட்டில் பதிவு செய்த ஒரு சாதாரண மனிதரையும் பேருக்குச் சேர்த்துக்கொண்டார்கள். "எங்கள் படத்தை அனுமதியின்றி நகல் எடுக்கிறார்கள், அதற்கு இந்த யந்திரம் துணை போகிறது, இதன் விற்பனையைத் தடுக்கவேண்டும்" என்பது வாதம்.

கலையைக் காப்பாற்றும் ஆவேசமா இது? இதே யூனிவர்ஸல் கம்பெனியின் தாய்க் கம்பெனியான எம்.ஸி.ஏ., அதே சமயத்தில் தானே ஒரு விடியோத் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தது. 1978-ல் அது சந்தைக்கு வந்தது. அந்தத் தட்டைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு செய்ய முடியாது. எதைப் பார்க்கவேண்டுமானாலும் அவர்களிடமே காசு கொடுத்து வாங்கவேண்டும். பதிவு செய்யும் யந்திரம் வீட்டில் இருந்தால் அந்தத் தட்டை யார் வாங்குவான்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இங்கே அப்படியே பொருந்துகிறது.

வழக்கில் இரு தரப்பாரும் ஜனங்களிடம் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். இரு கணக்கும் சொன்னது ஒன்றே: பெரும்பாலோர் பதிவு செய்வது, நேரம் தவறிய நிகழ்ச்சியைப் பின்னால் ஒருமுறை பார்ப்பதற்காகத்தான். 1979-ல் ஜில்லா கோர்ட்டு, வாதிகளுக்கு நஷ்டம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி ஸோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1981-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தலைகீழாக்கியது. அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சட்ட விரோதிகள் ஆகிவிட்டார்கள்.

1982 ஏப்ரலில் ஹாலிவுட் கம்பெனிகளின் சங்கத் தலைவர் ஜாக் வாலென்டி அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் வந்து என்ன சொன்னார் தெரியுமா? பாஸ்டன் நகரில் தனித்திருந்த பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றானே ஒரு பாதகன், அவன் அந்தப் பெண்களுக்கு எப்படியோ, அப்படித்தான் சினிமாத் தொழிலுக்கு இந்த விடியோ யந்திரம் என்றார்! இந்த யந்திரத்தால் தொழிலே செத்துவிடும் என்று ஓலமிட்டார்.

கடைசியில் 1984 ஜனவரி 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். வீட்டில் பின்னால் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது நியாயமான உபயோகமே; நியாயமான உபயோகங்கள் கணிசமாக உள்ள ஒரு சாதனத்தை, சிலர் தவறாகவும் பயன்படுத்தக்கூடும் என்பதற்காகத் தடுக்க முடியாது என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திவந்த பிரெட் ராஜர்ஸ் என்பவர், தன் நிகழ்ச்சியைப் பெற்றோர் பதிவு செய்து வைத்துக் குழந்தைகளோடு சௌகரியமான வேளையில் பார்ப்பதில் தனக்கு முழு சம்மதம் என்று சாட்சி சொல்லியிருந்தார். அந்தச் சாட்சியத்தையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கலைஞன் வேறு, கலையை விற்கும் கம்பெனி வேறு என்பதை அந்த ஒரு சாட்சியமே காட்டவில்லையா?

செத்துப்போகும் என்ற தொழில் என்ன ஆயிற்று?

தீர்ப்புக்குப் பிறகு ஹாலிவுட் செத்ததா? இல்லை, கொழுத்தது. எந்த யந்திரத்தைக் கொலைகாரன் என்று சொன்னார்களோ, அந்த யந்திரத்துக்காகவே காஸெட்டுகள் விற்று, 1980-களின் பிற்பகுதிக்குள் தியேட்டர் வசூலையும் மிஞ்சிய வருமானம் பெற்றார்கள். வாலென்டியின் கொலைகாரன் பொன்முட்டையிடும் வாத்தாக மாறிவிட்டான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1989-ல் பிரதிவாதியான ஸோனி, கொலம்பியா சினிமாக் கம்பெனியை 340 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டில், ஜே.வி.ஸி.யைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்த மாட்சுஷிட்டா கம்பெனி, வாதியான யூனிவர்ஸலின் தாய்க் கம்பெனி எம்.ஸி.ஏ.வையே 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்து விலைக்கு வாங்கியது. யந்திர முதலாளியும் படமுதலாளியும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டார்கள். மக்களின் உரிமைக்காக வாதாடிய ஸோனி இனி எந்த முகத்தோடு அதற்காக வாதாடும்? மக்களின் பதிவு உரிமை எந்தக் கம்பெனியின் தயவிலும் பத்திரமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

அதன் பின் பூட்டுகள் வந்தன. காஸெட்டிலிருந்து நகல் எடுத்தால் படம் மங்கி மங்கித் தெரியும்படி செய்யும் தந்திரம் 1980-களிலேயே வந்துவிட்டது. 1998-ல் அமெரிக்க சர்க்கார் செய்த சட்டம், அந்தத் தந்திரத்துக்கு ஒவ்வொரு புதிய விடியோ யந்திரமும் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்று ஆணையிட்டது. பூட்டை உடைப்பதும் குற்றம் என்றது. காசு கொடுத்து வாங்கியவன் நீ. ஆனால் யந்திரம் உன் சொல்லைக் கேட்காது, தூரத்தில் உள்ள கம்பெனியின் சொல்லைத்தான் கேட்கும்! 2003-ல் இன்னும் ஒரு படி போனார்கள். டிஜிட்டல் ஒளிபரப்பு அலையிலேயே ஒரு அடையாளக் கொடியைப் பதித்து, எல்லாப் பெட்டிகளும் அதற்குப் பணியவேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் விதி போட்டது. நூலகர்களின் சங்கம் வழக்காடியது. 2005 மே மாதத்தில் கோர்ட்டு, கமிஷனுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று விதியைத் தள்ளியது. நூலகர்கள் வென்றார்கள், ஆனால் பூட்டு வேறு வாசல் வழியாக வந்துசேர்ந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

விளம்பரத்தைத் தாண்டினால் திருட்டாம்!

1999-ல் காந்த நாடாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் தட்டில் பதியும் பெட்டிகள் வந்தன: டிவோ ஒன்று, ரீப்ளே டிவி இன்னொன்று. ரீப்ளே டிவியின் 2001-ம் ஆண்டுப் பெட்டி விளம்பரங்களைத் தானே தாண்டிச் சென்றது. உடனே கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2002-ல் டர்னர் ஒளிபரப்புக் கம்பெனியின் தலைவர் ஜேமி கெல்னர் ஒரு பேட்டியில், விளம்பரத்தைப் பார்க்காமல் நிகழ்ச்சியைப் பார்ப்பது திருட்டு என்றார். பார்வையாளன் விளம்பரத்தைப் பார்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவனாம்! சரி, இடையில் எழுந்து கக்கூசுக்குப் போகலாமா என்றால், அதற்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று தாராள மனது காட்டினார்.

நகைப்புக்கு இடமான பேச்சுதான். ஆனால் அதில் ஒரு உண்மையும் வெளிப்பட்டுவிட்டது. கனடாவின் பொருளாதார அறிஞர் டல்லஸ் ஸ்மித் 1977-லேயே எடுத்துச் சொன்ன உண்மை அது: டெலிவிஷன் கம்பெனி விற்கும் சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளனே. நம் கண்ணையும் காதையும் மூட்டை கட்டி விளம்பரக்காரனுக்கு விற்கிறார்கள். நிகழ்ச்சி என்பது தூண்டிலில் குத்திய புழு. பதிவு யந்திரம் என்ன செய்தது? மீன் புழுவை மட்டும் தின்றுவிட்டுப் போக வழி செய்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

வழக்குச் செலவின் சுமையும் தாங்காமல் ரீப்ளே டிவியின் சொந்தக்காரக் கம்பெனி 2003-ல் திவாலாயிற்று. கோர்ட்டில் தோற்கவில்லை, தீர்ப்பு வரும்வரை உயிரோடு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

யார் யாரைப் பதிவு செய்கிறார்கள்?

அந்த வழக்கின் நடுவே இன்னொரு விபரீதமும் நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் எதைப் பதிவு செய்தார், எந்த விளம்பரத்தைத் தாண்டினார் என்று கணக்கெடுத்துத் தரும்படி பெட்டிக் கம்பெனிக்கு 2002-ல் கோர்ட்டு அதிகாரி ஒருவர் உத்தரவிட்டார். மேல் நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். ஆனால் கோர்ட்டு கேட்காமலே அந்தக் கணக்கு எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 2004-ல் ஒரு பெரிய கால்பந்தாட்டப் போட்டியின் இடைவேளைக் காட்சியில் எந்த நொடியை ஜனங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள் என்று டிவோ கம்பெனியே பெருமையாக அறிவித்தது. அன்றுதான் பலருக்கு உறைத்தது: பெட்டி நமக்குப் படம் காட்டுவதோடு நிற்கவில்லை, நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2017-ல் நிலைமை இன்னும் தெளிவாயிற்று. விஸியோ கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் டெலிவிஷன்களில் ஜனங்கள் நொடிக்கு நொடி என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுடைய சம்மதமின்றிச் சேகரித்து விற்றது என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. ஒரு பெட்டிக்குக் கால் டாலர்கூட விழவில்லை! முன்பு நாம் டெலிவிஷனைப் பதிவு செய்தோம். அது திருட்டு என்றார்கள். இன்று டெலிவிஷன் நம்மைப் பதிவு செய்கிறது; அது வியாபாரம் என்கிறார்கள்.

கலைஞனின் பெயரால்

"வீட்டுக்கு வீடு நகல் எடுத்தால் கலைஞன் கூலிக்கு எங்கே போவான்?" என்று சிலர் நேர்மையாகவே கேட்கிறார்கள். நேர்மையான கேள்விக்குப் பதில் சொல்வது நமது கடமை. திருட்டுக் காஸெட் அடித்துக் கடைகளில் விற்றுக் கொழுத்த வியாபாரிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவனும் பிறர் உழைப்பைத் தின்றவனே. வீட்டில் தன் குடும்பத்துக்காகப் பதிவு செய்பவன் வேறு. ஜெர்மனியில் 1965-லேயே ஒரு வழி கண்டார்கள்: வீட்டில் பதிவு செய்ய அனுமதி, பதிவு யந்திரத்தின் விலையில் ஒரு சிறு தொகையைப் பிரித்து, எழுத்தாளர்களுக்கும் இசைஞர்களுக்கும் அவர்களின் சங்கங்கள் மூலம் பங்கிடுவது. யாரையும் சிறையில் தள்ளாமல், எந்தப் பெட்டியையும் பூட்டாமல் கலைஞனுக்குக் கூலி சேர்க்க முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

கலைஞனின் பெயரால் கோர்ட்டில் கண்ணீர் விட்ட கம்பெனிகள் அந்தக் கலைஞனை எப்படி நடத்தின? காஸெட் விற்பனையில் பணம் கொட்டியபோது, வசூலில் நூற்றுக்கு எண்பதைச் செலவு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்ச இருபதிலிருந்துதான் எழுத்தாளனுக்குப் பங்கு என்று கணக்குப் போட்டார்கள். 1985-ல் எழுத்தாளர் சங்கம் இதை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தது. இரண்டு வாரத்தில் தோல்வியோடு முடிந்தது. காஸெட் போய் டி.வி.டி. வந்தது, செய்யும் செலவு குறைந்தது, கணக்கு மாறவில்லை. தட்டு ஒன்றுக்கு எழுத்தாளனுக்கு விழுந்தது சுமார் நான்கு செண்ட்! 2007 நவம்பரில் தொடங்கி நூறு நாள் மீண்டும் போராடினார்கள். இண்டர்நெட்டில் தங்கள் பங்கை அந்தப் போராட்டம் வாங்கித் தந்தது. 2023-ல் 148 நாள் போராடினார்கள். அப்போது வெளிப்பட்ட ஒரு சங்கதி: தான் எழுதிய நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக்கூட இண்டர்நெட் கம்பெனிகள் எழுத்தாளனுக்குச் சொல்வதில்லை. பார்ப்பவனின் ஒவ்வொரு நொடியும் கம்பெனிக்குத் தெரியும். படைத்தவனுக்கு மட்டும் அது ரகசியம்! பார்ப்பவனும் படைப்பவனும் ஒரே எஜமானின் இரு கைகளில் அகப்பட்டவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஞாபகம் யாருடையது?

பதிவு யந்திரத்தால் பொழுதுபோக்கு மட்டுமா கிடைத்தது? அதனினும் பெரிய ஒன்று கிடைத்தது: மக்களுக்குச் சொந்தமான ஞாபகம்.

டெலிவிஷன் கம்பெனிகள் தம் சரக்கைத் தாமே பாதுகாக்கும் என்று நம்பினால் மோசம்தான். நாடா விலை அதிகம் என்று சொல்லி 1960-களிலும் 70-களிலும் பி.பி.சி. எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தது. அமெரிக்கக் கம்பெனிகளும் தம் செய்தி ஒளிபரப்புகளை முறையாகக் காப்பாற்றவில்லை. இதைக் கண்டு வாண்டர்பில்ட் சர்வகலாசாலை 1968 ஆகஸ்டு முதல் ஒவ்வொரு நாள் மாலைச் செய்தியையும் தானே பதிவு செய்து வைக்கத் தொடங்கியது. சி.பி.எஸ். கம்பெனி 1973-ல் அதன் மேல் வழக்குத் தொடுத்தது! தான் சொன்னதை இன்னொருவர் ஞாபகம் வைத்துக்கொள்வது ஏன் ஒரு கம்பெனிக்கு இவ்வளவு கசக்கிறது? 1976-ல் திருத்திய காப்பிரைட் சட்டத்தில், நூலகங்கள் செய்தியைப் பதிவு செய்யலாம் என்று ஒரு விதி சேர்க்கப்பட்ட பிறகே அந்த வழக்கு ஓய்ந்தது.

பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி வாழ்ந்தார். நூலகராக வேலை பார்த்தவர். இன ஒதுக்கலை எதிர்த்த இயக்கத்தில் நின்றவர். கம்யூனிஸ்டு அபிப்பிராயங்கள் கொண்டவர். 1960-களின் தொடக்கத்தில் நகர நூலக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டெலிவிஷன் செய்தி ஒரு சம்பவத்தை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் சொல்லுகிறது என்பதைக் கவனித்த அவர், ஈரானில் 1979-ல் நடந்த பணயக் கைதிகள் விவகாரத்தின்போது செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்யத் தொடங்கினார். 2012 டிசம்பரில் உயிர் பிரியும்வரை நிறுத்தவில்லை. வீட்டில் ஒரே சமயத்தில் பல யந்திரங்கள் ஓடும். ஆறு மணி நேரத்துக்கொரு முறை காஸெட் மாற்றவேண்டும். குடும்பத்தின் வாழ்க்கையே அந்தக் கடிகாரத்தில் நடந்தது. சேர்ந்தவை பல்லாயிரக்கணக்கான காஸெட்டுகள். சுமார் எழுபதாயிரம் என்கிறார்கள். 2013-ல் அவை கலிபோர்னியாவில் உள்ள இண்டர்நெட் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பணமும் கட்டிடமும் ஆட்களும் வைத்திருந்த கம்பெனிகள் செய்யாததை, கடையில் கிடைத்த சாதாரண யந்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி செய்தார்.

இன்னொரு உதாரணம். 1991 மார்ச் 3-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் லாஸ் ஏஞ்சலீஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். ஜார்ஜ் ஹாலிடே என்ற பிளம்பர் தன் வீட்டு மாடியிலிருந்து சிறு விடியோக் காமிராவில் அதைப் பிடித்தார். உள்ளூர் டெலிவிஷன் நிலையத்துக்குக் கொடுத்தார். உலகம் பார்த்தது. மறு ஆண்டு ஏப்ரலில் நடுவர் குழு போலீசாரை விடுவித்தபோது நகரமே கொந்தளித்தது. 1993-ல் மத்திய கோர்ட்டில் இருவர் தண்டனை பெற்றார்கள். அந்தக் கையளவு யந்திரம் இல்லாதிருந்தால்? போலீஸ் ரிப்போர்ட்டே சரித்திரமாகியிருக்கும்.

வாடகை வீடான திரை

இன்றைய நிலைமைக்கு வருவோம். இன்று டெலிவிஷனும் சினிமாவும் இண்டர்நெட் குழாய் வழியாக வருகின்றன. எந்த நேரத்திலும் பார்க்கலாமே, பதிவு எதற்கு என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. நடப்பு என்ன? 2023 மே மாதத்தில் டிஸ்னி கம்பெனி, தானே தயாரித்து ஆறு மாதத்துக்கு முன் வெளியிட்ட வில்லோ என்ற தொடரையும் வேறு பலவற்றையும் தன் சேவையிலிருந்து எடுத்துவிட்டது. இப்படி எடுத்தவற்றுக்காக 150 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. எழுத்தாளர், நடிகர், தச்சர், தையல்காரர் என்று எத்தனையோ பேரின் உழைப்பு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகி மறைந்தது. 2022-ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், ஸோனியின் விளையாட்டுப் பெட்டிக் கடையில் காசு கொடுத்து "வாங்கிய" நூற்றுக்கணக்கான படங்கள், வேறு கம்பெனியோடு இருந்த உரிமை ஒப்பந்தம் முடிந்ததால், வாங்கியவர்களின் அலமாரியிலிருந்தே நீக்கப்பட்டன. பதிவு உரிமைக்காக 1984-ல் வென்ற அதே ஸோனி!

இந்தச் சேவைகளில் பதிவு விசை கிடையாது. பதிவு செய்ய முயன்றால் திரை கறுத்துவிடும். 1984 தீர்ப்பு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அது எந்த யந்திரத்தில் வாழும்? சட்டத்தால் பறிக்க முடியாததைப் பூட்டால் பறித்துவிட்டார்கள். வேறு வாசல் என்று முன்பு சொன்னோமே, அது இதுதான். கலிபோர்னியா ராஜ்யத்தில் 2024-ல் ஒரு சட்டம் செய்தார்கள்: வெறும் அனுமதிச் சீட்டை விற்கும்போது, அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று எழுதக்கூடாது. பொய் சொல்லக்கூடாது என்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட காலம் இது.

நம் நாட்டிலும் இது தொலைதூரத்துச் சங்கதியல்ல. 2012-ல் திருத்திய இந்தியக் காப்பிரைட் சட்டம், பூட்டை உடைப்பவனுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை என்றும், சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஏட்டில் உரிமை உண்டு. ஆனால் நம் வீடுகளில் உள்ள செட்-டாப் பெட்டிகள் பலவற்றில் பதிந்ததை வேறு பெட்டியில் போட்டுப் பார்க்க முடிவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

நாம் கேட்பது என்ன?

நாம் பழைய காஸெட்டுக்காக ஒப்பாரி வைக்கவில்லை. யந்திரங்கள் மாறும், மாறவேண்டும். ஜப்பானில் வி.எச்.எஸ். யந்திரம் செய்துவந்த கடைசிக் கம்பெனியும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்காக அழ வேண்டியதில்லை. யந்திரம் மாறும்போது உரிமையும் கூடவே களவாடப்படுவதைத்தான் எதிர்க்கிறோம். ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்யும் உரிமையைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். எந்தப் பூட்டும் அதைத் தடுக்கக்கூடாது. பதிந்தது எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் ஓடவேண்டும். காசு வாங்கி விற்ற படத்தைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. நாம் என்ன பார்க்கிறோம் என்ற கணக்கு நம் சம்மதமின்றி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ஒளிபரப்பாகும் செய்திகளையும் நிகழ்ச்சிகளையும் காப்பாற்றி வைக்கப் பொது நூலகங்களுக்கு உரிமையும் பணமும் வேண்டும். எழுதியவனுக்கும் நடித்தவனுக்கும் நியாயமான பங்கு வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற உண்மைக் கணக்கும் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இதில் எது அநியாயமான கோரிக்கை? 1956-ல் சி.பி.எஸ். கம்பெனி தனக்கு எடுத்துக்கொண்ட சௌகரியத்தைத்தான் நாம் மக்களுக்கும் கேட்கிறோம். மேரியன் ஸ்டோக்ஸ் தனி ஒருவராகச் சுமந்த வேலையை மக்கள் அனைவரும் பங்கிட்டுச் செய்யும் உரிமையைத்தான் கேட்கிறோம். நமக்கு நேற்று என்ன சொன்னார்கள் என்பதை நாளை எடுத்துக்காட்டும் சக்தி நம் கையில் இருக்கவேண்டும். அந்தச் சக்தியைக் கம்பெனிகளின் பூட்டுக்கு ஒப்படைத்துவிட்டு, அவர்கள் காட்டுவதைக் காட்டும்போது பார்த்துக்கொண்டிருக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.